நாண் போய் மூக்கு வந்த கதை

கேள்வி: சைன், கொசைன் இரண்டின் வரைபடமும் ஒரே மாதிரி நெளிகிறதே, எப்படிப் பிரித்தறிவது?
– பிளஸ் ஒன் மாணவி, அம்மையார்குப்பம்

பதில்: உங்கள் ஊர் விசைத்தறிச் சக்கரத்தின் விளிம்பில் ஒரு சுண்ணாம்புப் பொட்டு வையுங்கள். (தறி நின்ற பிறகு, விரல் முக்கியம்.) மையத்திலிருந்து பொட்டு எவ்வளவு உயரம் என்பது சைன், எவ்வளவு பக்கவாட்டில் என்பது கொசைன். ஆரம் ஒன்று என்றால், வலக்கோடியில் கிளம்பும்போது சைன் பூஜ்யம், கொசைன் ஒன்று. நெளிவு ஒன்றேதான், கொசைன் 90 பாகை முந்திக்கொள்கிறது. அண்ணன் தம்பிக்கு ஒரே துணியில் சட்டை தைத்த மாதிரி!

பெயர் வந்த கதையையும் கேளுங்கள். கி.பி. 499-இல் ஆரியபடர் சைனை ‘ஜ்யா’, அதாவது வில்லின் நாண் என்றார். அது அரபியில் ‘ஜீபா’வாகி, உயிர்க்குறி இல்லாமல் எழுதியதால் சட்டை மடிப்பைக் குறிக்கும் ‘ஜைப்’ என்று படிக்கப்பட்டு, லத்தீனில் அதே பொருளில் ‘சைனஸ்’ ஆகிவிட்டது. மூக்கடைப்புக்கும் அதே சொல்தான். கணக்கு வகுப்பில் ஏன் தலை கனக்கிறது என்று இப்போது புரிகிறதா?