வாடகைச் சுவரில் ஆணி: ஒரு முதற்கட்ட ஆய்வு

வாடகைக்கு விடுவதற்கென்றே சென்னையில் ஃபிளாட் வாங்கும் புது முதலீட்டாளர், முன்பணம் கொடுக்குமுன் எல்லாவற்றையும் எக்செல்லில் போட்டுப் பார்த்துவிடுகிறார். வீடு 80 லட்சம், வாடகை மாதம் 20,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2,40,000. அதாவது 3 சதவீதம். வங்கிக் கடனுக்கு வட்டி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். இதைப் பார்த்த பிறகும் அவர் வாங்குவது ஏன் என்ற கேள்வியைத் தத்துவத் துறைக்கு விட்டுவிடுகிறேன். சொத்து வரி, மெயின்டனன்ஸ், ஆடியிலும் மார்கழியிலும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால் பூட்டிக் கிடக்கும் மாதங்கள் என எல்லாவற்றுக்கும் அந்தத் தாளில் கட்டம் உண்டு. ஆணிக்கு மட்டும் இல்லை. இக்கட்டுரை அக்குறையைப் போக்க எழுந்தது.

முன்னாய்வுகள் குறைவு. 2001இல் வெளிவந்த ‘ஃப்ரண்ட்ஸ்’ படத்தில் கான்ட்ராக்டர் நேசமணி குழுவினர் ஆணி பிடுங்குவதை ஆராய்ந்துவிட்டார்கள். அடிப்பது பற்றி, அதிலும் அடிப்பவருக்கும் சுவருக்குரியவருக்கும் உள்ள உறவு பற்றி, துறை இன்னும் வாய் திறக்கவில்லை.

சட்டமும் கைகொடுக்கவில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய் என்றது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். நாம் 11 மாத ஒப்பந்தத்தைக் கண்டுபிடித்தோம். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எத்தனை மாதமானாலும் எழுதிப் பதிந்துகொள் என்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும் சொல்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்வதில் சென்னைக்காரர்கள் தாராளமானவர்கள். என் மனத்தைக் கவர்ந்தது அச்சட்டத்தின் பராமரிப்பு அட்டவணைதான். வெள்ளையடிப்பு, குழாய் மாற்றுவது, ஒயரிங் எல்லாம் உரிமையாளர் பாடு. குழாய் வாஷர், சுவிட்ச், கீசர், கதவுக் குமிழ் எல்லாம் குடியிருப்பவர் பாடு. வாஷர் யார் பொறுப்பு என்பதைச் சட்டமன்றமே தீர்த்துவைத்திருக்கிறது. ஆணியைத் தேடினேன். காணோம்.

எனவே களத்துக்குப் போவோம். “சுவத்துல ஆணி மட்டும் அடிக்காதீங்க” என்ற வாக்கியம், “நான்வெஜ் சமைப்பீங்களா?” என்பதற்குப் பின்னும் மோட்டார் போடும் நேரத்துக்கு முன்னும் வருகிறது. “சாமி படத்துக்கு ஒண்ணே ஒண்ணு சார்” என்பது அதற்கான மறுமொழி. எந்த உரிமையாளரும் இதற்கு மறுப்புச் சொன்னதில்லை. தெய்வத்தின் பெயரால் வாங்கிய அந்த அனுமதியில்தான் பின்னர் காலண்டர், கடிகாரம், திரைச்சீலைக் கம்பி, இறுதியாக டிவியும் ஏறுகின்றன.

உரிமையாளரின் அச்சம் வீண் அச்சமன்று. உள்சுவர் பல வீடுகளில் நாலரை அங்குலம்தான். அதன்மேல் அரை அங்குலச் சிமென்ட் பூச்சு. ஆணி பூச்சுக்குள் சுலபமாக நுழைந்து செங்கல்லில் முட்டி வளையும். அடுத்த அடியில் ஆணி பறக்கும், அதற்கடுத்த அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயரும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே சுவருக்குள் ஒயர் ஏறுகிறது என்பது எலக்ட்ரீஷியனுக்குத் தெரியும். காலண்டர் மாட்டுகிறவருக்குத் தெரியாது. பாத்ரூம் சுவரின் மறுபக்கத்தைப் பற்றி எழுதவே பயமாக இருக்கிறது.

ட்ரில் போட்டு, பிளாஸ்டிக் பிளக் சொருகி, ஸ்க்ரூ முடுக்குவதே சேதம் குறைந்த வழி. ஆனால் ட்ரில் சத்தம் கீழ்வீட்டில் இருக்கும் ஹவுஸ் ஓனருக்குக் கேட்டுவிடும். மிக்ஸி ஓடும் நேரம் பார்த்துச் சுத்தியலால் நாலு போடு போட்டால் கேட்காது. ஆகவே சுவரைக் கெடுப்பதில் ஆணியைவிட ஆணித்தடைக்கே பங்கு அதிகம் என்பது இவ்வாய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு. ஒட்டும் கொக்கி மாற்றாகாதா என்று கேட்பவர்கள், அது கோடையில் விழும்போது பெயின்டையும் உரித்துக்கொண்டு விழுவதைப் பார்க்காதவர்கள்.

உரிமையாளருக்கு வேறொரு வருத்தமும் உண்டு. வருமான வரியில், சொத்து வரி போக மிஞ்சும் வாடகைக்கு 30 சதவீதம் கழிவு கிடைக்கிறது. அதற்குமேல் பட்டிக்கும் பெயின்டுக்கும் எத்தனை பில் நீட்டினாலும் செல்லாது. ஆகவே அவர் அந்தச் செலவை வேறு பக்கம் திருப்புகிறார்: காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்கென்று அட்வான்ஸில் பிடித்துக்கொள்கிறார். வெள்ளையடிப்பு யார் பாடு என்று அட்டவணை சொன்னதை இங்கே எந்தத் தரப்பும் நினைவுகூர்வதில்லை.

கடைசி நாள் நிகழ்ச்சி ஆய்வாளர்களின் தனிக் கவனத்துக்குரியது. பிடித்த பணத்துக்கு ஈடாக ஆணிகளையாவது கொண்டுபோவோம் என்று குடியிருந்தவர் குறடை எடுக்கிறார். பதினொரு மாதமாக ஒவ்வோர் ஆணிக்கும் முகம் சுளித்த உரிமையாளர் ஓடிவந்து தடுக்கிறார்: “பிடுங்காதீங்க சார், சாந்து பேந்துடும்!” அடுத்த ஞாயிறு வீடு பார்க்க வருகிறவர்களிடம் அதே ஆணிகளைக் கப்போர்டு, லாஃப்டோடு சேர்த்து வசதிகளில் ஒன்றாகக் காட்டுகிறார்: “எல்லாம் அடிச்சே இருக்கு. நீங்க புதுசா எதுவும் அடிக்க வேணாம்.”