மாமாவுக்கு ஒரு பக்கம்

தமிழ் விக்கிப்பீடியாவில் நான் எழுதுவது வெளியே தெரிந்ததும் பெங்களூருப் பக்கத்துப் பொம்மசந்திராவில் எனக்குச் சொந்தபந்தம் பெருகிவிட்டது. முதல் மனு மாமாவுடையது. தொழிற்பேட்டையில் நாலு லேத் வைத்திருக்கிறார். "மாப்ள, எனக்கும் ஒரு பக்கம் போட்டு விடேன்."

'குறிப்பிடத்தக்கமை' என்று ஒரு விதி இருக்கிறது மாமா, உங்களுக்குச் சம்பந்தமில்லாத, நம்பகமான ஆட்கள் உங்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும் என்றேன். மறுநாளே பிளாஸ்டிக் கவரோடு வந்துவிட்டார். உள்ளே ஓசூர்க் கல்யாணப் பத்திரிகை ஒன்று. அதில் மாமா 'தொழிலதிபர்'. கூடவே கும்பாபிஷேக ஃபிளெக்ஸின் போட்டோ. வலது ஓரம் மூன்றாவது வட்டத்தில் கூலிங்கிளாஸ் போட்டிருப்பவர் அவர்தான்.

"ஃபிளெக்ஸுக்குக் காசு யார் கொடுத்தது?"

"நான்தான். ஏன்?"

இது செல்லாது என்றதும் மாமா மெட்ரோவைக் காட்டினார். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தடத்தின் கடைசி நிறுத்தம் எங்கள் ஊர். ரயில் வருவதற்கு முன்பே ஆங்கில விக்கிப்பீடியாவில் அந்த ஸ்டேஷனுக்குப் பக்கம் வந்துவிட்டது. "ஸ்டேஷன் பேரே டெல்டா எலக்ட்ரானிக்ஸ் பொம்மசந்திரா. கம்பெனி காசு கொடுத்துத்தானே பேர் வெச்சாங்க? அது மட்டும் ஃபிளெக்ஸ் இல்லையா?"

நியாயமான கேள்விதான். ஸ்டேஷனைப் பற்றிப் பேப்பர்காரர்கள் சும்மாவே எழுதுவார்கள் என்று சமாளித்தேன். டோனா ஸ்டிரிக்லண்ட் கதையையும் சொன்னேன். 2018 மே மாதம் அந்த இயற்பியல் பேராசிரியரைப் பற்றிய வரைவை, ஆதாரம் போதாதென்று ஆங்கில விக்கிப்பீடியா திருப்பி அனுப்பியது. அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு. அன்றைக்கே பக்கமும் வந்துவிட்டது.

"அப்ப எனக்கும் நோபல் கெடச்சாத்தான்ங்கற."

விக்கிப்பீடியாவைத் தொடங்கிய ஜிம்மி வேல்ஸே 2007இல் கேப்டவுன் பக்கத்து இறைச்சிக்கடை உணவகம் ஒன்றுக்குச் சின்னதாய் ஒரு பக்கம் எழுதப்போக, நீக்கச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். பெரிய சண்டைக்குப் பிறகே தப்பியது. விதி கறார்தான், ஆனாலும் நான் விதியின் கட்சி. கொஞ்சம் தளர்த்தினால் ஓசூர் ரோட்டு ஃபிளெக்ஸ் மொத்தமும் உள்ளே ஏறிவிடும். எனக்குள்ள ஒரே வருத்தம், நைட் ஷிஃப்ட் முடிந்து வருகிறவனுக்குக் காலை ஆறு மணிக்கே சுடச்சுடப் புளியோதரை போடும் மெஸ் அக்காவைப் பற்றி எந்த நிருபரும் ஒரு பத்தி எழுதவில்லை என்பதுதான்.

மாமா கவரை மடித்துக்கொண்டே யோசித்தார். "சம்பந்தமில்லாத ஆள் எழுதணும், அவ்ளோதானே? சித்தப்பா பையனுக்கும் எனக்கும் வரப்புத் தகராறுல பேச்சுவார்த்தையே கெடையாது. அவன எழுதச் சொல்லட்டுமா?"