சாச்சுரேஷன் சார்

மார்கழி, தை மாதங்களில் சனிக்கிழமை விடியலில் பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டுக்கு ஒரு கார் விரைகிறதென்றால், உள்ளே இருப்பவர் நண்டு வாங்க வந்தவராக இருக்கலாம், அல்லது சாச்சுரேஷன் சாராக இருக்கலாம். நண்டுக்காரர் பையோடு இறங்கிவிடுவார். இவர் இறங்கி முடிக்கவே கால் மணி நேரம் ஆகும். முக்காலி, பீரங்கி லென்ஸ், காட்டில் ஒளிந்துகொள்வதற்கென்றே தைத்த பச்சைத் திட்டுச் சட்டை. இங்கே ஒளிய ஏது காடு? முழங்கால் தண்ணீர், சேறு, மிச்சமெல்லாம் வானம். அந்தச் சட்டையோடு அவர் கரையில் நிற்பது ஸ்ரீஹரிகோட்டா வரைக்கும் தெரியும்.

ஏரியில் இறங்கும் பூநாரைகளைப் படம் எடுப்பது அவருக்கு வெறும் பாயிரம்தான். காவியம் தொடங்குவது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, கம்ப்யூட்டரில் படத்தைத் திருத்தும் லைட்ரூமைத் திறந்ததும்.

முதலில் அடிவானத்தை நிமிர்த்துவார். இது நியாயமான வேலை. அவர் கேமராவில் ஏரி எப்போதும் வடக்கே சாய்ந்திருக்கும். ஏற்கெனவே ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில்தான் இருக்கிறது. நமக்கிருக்கும் கொஞ்சத்தையும் அவர்கள் பக்கம் கவிழ்த்துவிடக் கூடாதல்லவா? அடுத்து வெளிச்சம். வெள்ளைப் பறவைக் கூட்டத்தைப் பார்த்தால் கேமரா மிரண்டுபோய்ப் படத்தைச் சாம்பலாக்கிவிடும். எதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு இழுப்பது அதன் மீட்டருக்குப் பிறவிக்குணம். அதைக் கொஞ்சம் ஏற்றிவிட்டால் வெள்ளை வெள்ளையாகும். ஒரு நல்ல மனிதர் இந்த இடத்தில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போவார்.

சார் போகமாட்டார். அவருடைய விரல் நிறத்தைக் கூட்டும் சாச்சுரேஷன் கோலைத் தேடிப் போகும்.

பூநாரை சிவப்பாகப் பிறப்பதில்லை. குஞ்சு சாம்பல் நிறம். பாசியும் சின்னஞ்சிறு இறால் வகைகளும் தின்று, அவற்றிலுள்ள கரோட்டினாய்டு உடம்பில் ஊறி, சில வருஷம் போனால்தான் சிவப்பு ஏறும். அப்படி ஏறியும், இங்கே வரும் பெரிய பூநாரை நின்றிருக்கும்போது வெளிர்ந்துதான் தெரியும். சிறகை விரித்தால்தான் உள்ளே பொத்திவைத்த செம்மை பளிச்சிடும். பறவை வருஷக்கணக்கில் சேற்றைச் சலித்துச் சம்பாதித்த நிறத்தை சார் ஒரே இழுப்பில் தருகிறார், அதுவும் கல்யாண மண்டப சீரியல் விளக்கு அளவுக்கு. அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு மறுவாரம் குடும்பத்தோடு வருகிறவர்கள் கரையில் நின்று, “ரோஸ் கலர் பறவை எங்கப்பா?” என்று மீனவர்களை அதட்டுகிறார்கள்.

அப்புறம் டீஹேஸ். மார்கழிப் பனி ஏரிமேல் படர்ந்து கிடப்பதைப் பார்க்கத்தான் அலாரம் வைத்து எழுந்து வந்தார். அதைத் துடைத்தெறியாமல் அவருக்கு உறக்கம் வராது. டச்சுக்காரர்கள் 1613-இல் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர் இது. அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தையும் சார் விட்டுவைக்கவில்லை. கல்லெழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கிளாரிட்டியைக் கூட்டினார். நல்ல எண்ணம்தான். ஆனால் வாசலில் காவல் நிற்கும் கல் எலும்புக்கூடுகளுக்கும் சேர்ந்து சதை பிடித்துவிட்டது.

இதையெல்லாம் கேட்டால் ஆதாரத்தோடு பேசுவார். அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரர் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து அம்மைத் தழும்பை மறைக்கவில்லையா? நேஷனல் ஜியாகிரஃபிக்கே 1982 பிப்ரவரி அட்டைக்காக எகிப்துப் பிரமிடுகளை நெருக்கமாக நகர்த்தவில்லையா? நான் என்ன பிரமிடையா நகர்த்தினேன், ஏரியில் நின்ற கம்பத்தைத்தானே அழித்தேன்?

அந்தக் கம்பத்தில்தான் வந்தது வம்பு. பழவேற்காட்டில் இறாலுக்குச் சுத்துவலை கட்டுவது பாடு முறைப்படி. எந்த இடத்தில் யாருடைய முறை என்று சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். தண்ணீரில் நிற்கும் கம்பம் அப்படிப் பிரித்த இடத்தில் வலை கட்ட நட்டது. சாருக்கோ அது ‘டிஸ்டர்பன்ஸ்’. ஹீலிங் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்து எடுத்துவிட்டு, ‘கன்னி கழியாத ஏரி’ என்று தலைப்பும் போட்டார்.

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் ஒருநாள் ஆசையாக அந்தப் படத்தைக் காட்டினார்.

“இன்னா சார், இங்க நம்ம கம்பம் நிக்குமே?”

“அழிச்சிட்டேன் ஐயா. தொந்தரவா இருந்துது.”

“யாருக்கு? ஆலா அதும்மேலதான் குந்தும்.”

சார் சிரித்து மழுப்பினார். பெரியவர் சிரிக்கவில்லை. பக்கத்துக்காரன் கம்பத்தைத் தள்ளி நட்டுவிட்டான் என்று ஊரில் தகராறு நடந்துகொண்டிருந்தது. “தேதியோட படம் வச்சிருக்கிறல்ல? கம்பத்தோட இருக்கறத அனுப்பு சார், பஞ்சாயத்துல காட்டணும்.”

சாரின் முகம் மலர்ந்தது. ரா ஃபைலில் எடுப்பவர் அவர். கோலை எவ்வளவு இழுத்தாலும் மூலப்படம் நலுங்காமல் இருக்கும். வாழ்க்கையில் முதன்முறையாக அவருடைய படத்துக்கு லைக் அல்லாத ஒரு பயன். அன்று ராத்திரி மூலத்தைத் திறந்தார். மங்கலாக, சாம்பலாக, கோணலாக இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் கூடும் சபைக்கு இப்படியா அனுப்புவது? கம்பத்தில் கைவைக்கவில்லை, சத்தியம். தண்ணீருக்கு மட்டும் கொஞ்சம் நீலம். வானத்துக்குக் கொஞ்சம் ஆரஞ்சு.

பஞ்சாயத்தில் எதிர்க்கட்சிக்காரர் போனை வாங்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கம்பம் சரி. இது எந்த ஊரு ஏரி?”