திரை கண்ணுக்கு நேர், தீ தலைக்கு மேல்: சுவர்த் தொலைக்காட்சி நிறுவலில் மாமல்லபுர நெறி

குளிர்நாட்டு வீடுகளில் கூடத்தின் நல்ல சுவரைக் கணப்பு அடுப்பு பிடித்துக்கொண்டுவிடுகிறது. தட்டைத் தொலைக்காட்சி வந்தபோது அதற்கு மிச்சமிருந்த இடம் கணப்புக்கு மேலே இருந்த வெற்றுச் சுவர்தான். கழுத்து நோவு ஒரு பக்கம், அடியிலிருந்து ஏறும் வெக்கை ஒரு பக்கம் என்று அவதிப்பட்டு, கீழ்நோக்கிச் சாயும் தாங்கி, முன்னால் இழுத்துக் கீழே இறக்கும் தாங்கி என்று அங்கே ஒரு தனிச் சந்தையே வளர்ந்துவிட்டது. கணப்பின்மேல் டிவி மாட்டலாமா என்ற கேள்வியைச் செங்கல்பட்டு மாவட்டத்தில் எழுப்புவது வீண்வேலை என்று தோன்றலாம். தமிழ்நாட்டில் கணப்பு வைத்த வீட்டைப் பார்க்க ஊட்டி, கொடைக்கானல் பக்கம் வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களுக்குத்தான் போகவேண்டும். நம் சமவெளியில் குளிர்காயும் தேவை போகியன்று விடியற்காலையில் பழைய பாயைக் கொளுத்துவதோடு தீர்ந்துபோகிறது. ஆனால் ஆய்வாளன் அவசரப்படக்கூடாது. அடுப்பு கண்ணில் படவில்லை என்பதற்காகத் தீயே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தொலைக்காட்சியை எங்கே, எந்த உயரத்தில், எந்தத் தாங்கியில் மாட்டுவது என்ற வழக்கைத் தீர்க்கும் சான்று வேறெங்கும் இல்லை, மாமல்லபுரத்துக் குன்றின்மேல் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதலில் நம் வீட்டுத் தீ எங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். வாஸ்து பார்ப்பவர்கள் தென்கிழக்கை அக்னி மூலை என்கிறார்கள். சமையலறை அங்கே வரவேண்டும், மின்சாதனங்களுக்கும் அதுவே உகந்தது என்பது அவர்கள் கட்டளை. இரண்டு கட்டளைகளையும் ஒருசேர நிறைவேற்றும் குடும்பத்தலைவர், சமையலறைக்கும் கூடத்துக்கும் பொதுவான சுவரில் அந்தப் பக்கம் கேஸ் அடுப்பும் இந்தப் பக்கம் டிவியுமாக அமைத்துவிடுகிறார். வெள்ளைக்காரர் நெருப்புக்கு மேலே வைத்ததை நாம் நெருப்புக்கு முதுகோடு முதுகாக வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் வேறுபாடு. இதனால் டிவிக்குக் கெடுதல் உண்டா என்றால், நடுவே ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் இருக்கும்போது சாம்பார் கொதிக்கிற சூடு திரைக்கு வந்து சேராது. உண்மையான கணப்பு மேற்குச் சுவர். அக்னி நட்சத்திர நாட்களில் செங்கல்பட்டுப் பக்கம் வெயில் நாற்பது பாகையைத் தொடுவது புதுச்செய்தி அல்ல. மதியம் முழுக்க வெயில் குடித்த மேற்குச் சுவர், சீரியல் தொடங்கும் அந்தி நேரத்தில்தான் வாங்கிய சூட்டைக் கூடத்துக்குள் கக்க ஆரம்பிக்கும். பெட்டியோடு வரும் கையேட்டில் பெரும்பாலும் நாற்பது பாகைதான் மேல்வரம்பு என்று அச்சடித்திருக்கிறார்கள். ஆகவே மேற்குச் சுவரில் டிவி மாட்டியவர், பத்திரத்தில் எப்படி எழுதியிருந்தாலும், கணப்பின்மேல் மாட்டியவரே.

இனி கல்வெட்டில்லாத கற்சான்று. மாமல்லபுரத்துக் குன்றில் மகிஷாசுரமர்த்தினி குகை இருக்கிறது. கிழக்கு நோக்கிய மண்டபம். வடசுவரில் சிங்கத்தின்மேல் வில்லேந்திய துர்க்கை எருமைத்தலை அசுரனைத் துரத்துகிறாள். தென்சுவரில் பெருமாள் பாம்பணையில் பள்ளிகொண்டிருக்கிறார். இரண்டும் ஆளுயரத்துக்கு மேற்பட்ட பெரிய திரைகள், எதிரெதிரே. நின்று பார்ப்பவர் தலையை அண்ணாத்த வேண்டியதே இல்லை, அசுரன் ஏறக்குறைய நம் முகத்துக்கு நேராகவே பின்வாங்குகிறான். இந்தக் குகையின் நேர்மேலே, பாறையின் உச்சியில், பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தது எனப்படும் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில் நிற்கிறது. அதன் விமானத்தின் மேற்பகுதி இன்று இல்லை, மொட்டையான கூரைதான். பக்கத்தில் இப்போதுள்ள வட்டக் கற்கோபுரக் கலங்கரை விளக்கம் எழும்புவதற்கு முன் அந்தக் கூரையின்மேல்தான் கப்பல்களுக்காக விளக்கெரிந்தது. பல்லவர் நாளிலேயே அங்கே தீ வளர்த்தார்கள் என்றும் சொல்வதுண்டு. அது இல்லாமலே வழக்கு வெல்லும் என்பதால் அந்தச் சாட்சியை இங்கே கூப்பிடவில்லை. ஏழாம் நூற்றாண்டில் படத்தைக் கீழே செதுக்கினார்கள். எட்டாம் நூற்றாண்டில் மேலே கோயில் எழுப்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அதன் தலையில் விளக்கேற்றினார்கள். ஆயிரத்திருநூறு ஆண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் கலந்துகொள்ள வாய்ப்பே இல்லாத மூன்று தரப்பார் சேர்ந்து உருவாக்கிய அமைப்பில் தீ மேலே, படம் கீழே. தற்செயல் என்று தள்ளுவோர் தள்ளட்டும். இதைவிடக் குறைந்த சான்றில் அரச வம்சங்களையே நிறுவியிருக்கிறார்கள்.

அப்படியானால் நம் டிவி ஏன் மேலே ஏறியது? தொடக்கத்தில் அது கீழேதான் இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு வீடுகளுக்கு வந்த சாலிடேரும் டயனோராவும் நான்கு கால் முளைத்த மரப்பெட்டிகள். இருபக்கமும் இழுத்துச் சாத்திப் பூட்டும் கதவு வேறு. 2006க்குப் பிறகு தமிழக அரசு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குக் கொடுத்த 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியும் பின்பக்கம் புடைத்த பெட்டிதான். ஆணியில் மாட்ட முடியாது, டிரங்குப் பெட்டியின்மேலோ ஷோகேஸ் தட்டிலோ அமர்ந்தது. உயரம் வந்தது வீட்டுக்கு வெளியிலிருந்து. பஞ்சாயத்து டிவியை ஒரு சிறு சிமெண்டு அறையில் உயரத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்கள், ஊரே மணலில் உட்கார்ந்து பார்த்தது. டீக்கடையிலும் பேருந்து நிலையத்திலும் அது உத்தரத்தை ஒட்டித் தொங்கியது. அங்கெல்லாம் பார்ப்பவர் நிற்கிறார், அவருக்கு முன்னால் இன்னொருவர் தலை நிற்கிறது, உயரம் நியாயம். வீட்டுக்குள்ளே உயரத்துக்கு வேறொரு முன்மாதிரியும் காத்திருந்தது, அது சாமி படமும் தாத்தா படமும். நிலைவாசலுக்கு மேலே, கீழ் விளிம்பு இரண்டு கட்டைகளில் உட்கார, மேல் விளிம்பு கம்பியில் முன்னால் சாய, கூடத்தை நோக்கிக் குனிந்து பார்க்கும் அந்தச் சட்டகத்தைவிடப் பழைய சாய்வுத் தாங்கி தமிழ்நாட்டில் கிடையாது. தட்டைத் திரை வந்ததும் நம் கை தன்னால் அந்த வரிசைக்குப் போனது. மாலை போடாதது ஒன்றுதான் பாக்கி.

பல்லவச் சிற்பி இந்த இரண்டு உயரங்களையும் குழப்பிக்கொள்ளவில்லை. நாலு பேர் நெருங்கி நின்று பார்க்கும் குகைக்கு முகமட்டப் படம். ஊர்கூடிப் பார்க்கும் திறந்தவெளிக்கு, ஏறத்தாழ 27 மீட்டர் நீளமும் 9 மீட்டர் உயரமும் கொண்ட பெருந்தவப் பாறை. அது அர்ச்சுனன் தவமா பகீரதன் தவமா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டுகிறார்கள். உயரத்தைப் பற்றி யாரும் சண்டையிடவில்லை என்பது கவனத்துக்குரியது. அங்கேயும் தவசியும் சிவனும் மேலே இருக்க, யானைகளையும் பொய்த்தவம் செய்யும் பூனையையும் சிற்பி கீழே வைத்தான். வருகிறவர்கள் பூனையைத் தேடிப்பிடித்துச் சிரிப்பது அதனால்தான். பொழுதுபோக்குக்கு உரியது கீழே இருக்கவேண்டும் என்ற விதியை இவ்வளவு பெரிய பாறையில் எழுதிவைத்த பிறகும் நாம் நகைச்சுவைச் சேனலை லிண்டல் மட்டத்தில் வைத்துப் பார்க்கிறோம்.

கணக்கும் இதையே சொல்கிறது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தவரின் கண் சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. சோபாவில் இருப்பவருக்கு மூன்றரை. திரையின் நடுப்புள்ளி ஐந்தரை அடியில், பார்ப்பவர் எட்டடி தள்ளி என்று கொள்வோம். சோபாக்காரர் 14 பாகை அண்ணாந்து பார்க்கிறார். தரையில் இருப்பவர் 20 பாகைக்கும் மேல். 15 பாகையைத் தாண்டினால் கழுத்து கேள்வி கேட்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆகச் சோபாவுக்குச் சொந்தக்காரர் மயிரிழையில் தப்பிக்கிறார், தண்டனை முழுக்கத் தரையில் உட்காரும் பாட்டிக்கும் பிள்ளைகளுக்கும். நடுப்புள்ளியை மூன்றேகால் அடிக்கு இறக்கினால் தரைக்காரருக்கு ஆறு பாகைக்குள், சோபாக்காரருக்கு இரண்டு பாகைக்குள் அடங்கிவிடுகிறது. 43 அங்குலத் திரையானால் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடிக்குச் சற்றே கீழே வரும். சுவரில் பென்சிலால் குறித்துப் பார்த்தால் மாட்ட வந்த ஆள் சிரிப்பார்; பொருட்படுத்த வேண்டாம்.

பரபக்கம் பேசுவோர் முதலில் எடுப்பது படுத்துக்கொண்டு பார்ப்பவரின் வழக்கை. மல்லாந்தவருக்கு உயரம்தானே வசதி என்கிறார்கள். இதற்கான விடையும் அதே குகையில் இருக்கிறது. வடசுவரில் சண்டைக் காட்சி முழுவேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. நேர் எதிரே தென்சுவரில் கால்நீட்டிப் படுத்திருப்பவர் யோக நித்திரையில் இருக்கிறார். படுத்துப் பார்ப்பவர் எப்படியும் உறங்கப்போகிறவர், அவரை உத்தேசித்துச் சுவரில் துளை போடக்கூடாது. இரண்டாவது மறுப்பு குழந்தை. இது வலுவானது. ஒன்றரை வயதுப் பிள்ளையின் உயரமும் நாம் சொன்ன கீழ் விளிம்பும் ஏறக்குறைய ஒன்று. கையில் பிளாஸ்டிக் மட்டை இருந்தால் முடிந்தது கதை. பெருந்தவத்து யானைகள் பதின்மூன்று நூற்றாண்டுக் கைகளைத் தாங்கியது கருங்கல் என்பதால். டிவிக்கு அந்த யோகம் இல்லை. முன்னால் அகலமான தாழ்மேசை போட்டு எட்டாக்கையாக்கலாம் என்றால் பிள்ளை மேசைமேல் ஏறும். இந்த ஒரு வழக்கில் மட்டும், பிள்ளைக்கு மூன்று வயதாகும்வரை, நெறிக்கு விலக்கு அளிப்பதே நீதி. அந்தக் காலத்துக்குச் சாய்வுத் தாங்கி போதும்.

மற்றவர்கள் எதை வாங்குவது? கண்மட்டத்தில் மாட்டுபவருக்கு நிலைத்தாங்கியே போதும், விலை குறைவு, சுவரோடு ஒட்டிக்கொள்ளும். மேற்குச் சுவரைத் தவிர வேறு கதி இல்லாதவர் மட்டும் கைநீட்டித் தாங்கி வாங்கித் திரையைச் சுவரிலிருந்து விலக்கி வைக்கலாம், பின்னால் காற்று ஓடும். டிவியின் முதுகில் இருக்கும் நான்கு துளைகளின் இடைவெளி வெசா அளவில் 200க்கு 200, 400க்கு 400 மில்லிமீட்டர் என்று இருக்கும். அதைப் பார்க்காமல் தாங்கி வாங்குகிறவர் மறுநாள் மறுபடி கடைக்குப் போவார். ஆனால் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் குடியிருப்பவர் அளவைவிட உலோகத்தைக் கவனிக்கவேண்டும். உப்புக்காற்று கடற்கரைக் கோயிலின் கருங்கல்லையே முகம் தெரியாமல் தேய்த்திருக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக்கூழை அப்பிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள், காற்றைத் தடுக்கச் சவுக்குத்தோப்பு வளர்த்திருக்கிறார்கள். கல்லுக்கே அந்தக் கதி என்றால் பெட்டியோடு இலவசமாக வரும் இரும்பு ஸ்குரு எம்மாத்திரம். 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். துளையும் சுவர்ப்பூச்சோடு நின்றுவிடக்கூடாது. பூச்சைத் தாண்டிச் செங்கல்லுக்குள் இறங்கினால்தான் பிளக் பிடிக்கும்.

கடைசி மறுப்பு எலெக்ட்ரீஷியனுடையது. வீடு கட்டும்போது அவர் "டிவி பாயிண்ட் எங்க சார்?" என்று கேட்டார், வீட்டுக்காரர் கையை அந்தரத்தில் ஆட்டினார், கை ஆடிய உயரமான ஐந்தடியில் பாயிண்ட் விழுந்தது, டிவி அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. தமிழ் வீடுகளில் திரையின் உயரத்தைப் பெரும்பாலும் தீர்மானித்திருப்பது இந்தக் கையாட்டல்தான், தாத்தா படம் இரண்டாம் காரணம். பாயிண்டை இறக்கச் சுவரை வெட்டவேண்டுமே என்பது அவர் வாதம். பல்லவர் காலத்தில் மின்னிணைப்பு இல்லாததால் இதற்குக் குகைச் சான்று கிடைக்கவில்லை. வெட்ட மனமில்லாதவர் ஐந்தடியிலிருந்து கீழே இரண்டு அடிக்கு வெள்ளை பிவிசி கேசிங் ஒட்டி வயரை அதற்குள் விடலாம், பார்வைக்குச் சுமார்தான். புதுவீடு கட்டுகிறவர்கள் பூச்சுவேலை தொடங்குமுன் கூடத்தில் ஒரு பாயை விரித்து உட்கார்ந்து, கண்ணுக்கு நேரே சுவரில் சாக்குக்கட்டியால் கோடு கிழித்து, அதைக் காட்டி எலெக்ட்ரீஷியனுக்குப் பதில் சொல்லவும்.