கடலை இழந்த மாவட்டத்தான் குகை பார்க்கப் போனது

2019 நவம்பர் 25 வரை நான் கடற்கரை மாவட்டத்துக்காரன். எலவனாசூர்கோட்டைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே மரக்காணத்துக் கடலை ‘நம்ம கடல்’ என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எனக்கு இருந்தது. 1993 வரை தென்னார்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் கடலூர்த் துறைமுகமும் என் கணக்கில்தான் இருந்தது. 26ஆம் தேதி விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியைப் பிரித்தார்கள். பாகப்பிரிவினையில் எங்களுக்குக் கல்வராயன் மலை வந்தது. கடல் அண்ணன் பங்கோடு போய்விட்டது. பாகம் என்றால் அப்படித்தான். என் அப்பாவுக்கும் கிணறு இல்லாத கொல்லைதான் வந்தது.

எனவே கடலைப் பற்றி வீட்டில் பேச்சு எழுந்தால் என் கருத்தை யாரும் கேட்பதில்லை. மலையைப் பற்றிய பேச்சிலும் கேட்பதில்லை. அது வேறு விஷயம்.

பெங்களூரில் வேலை பார்க்கும் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனில் முகம் காட்டி, போர்ச்சுக்கல்லில் உள்ள பெனாகில் குகையின் படத்தை அனுப்பினான். சுண்ணாம்புப் பாறையை அலை அரித்து அரித்துப் பெரிய மண்டபமே ஆக்கியிருக்கிறது. மேலே கூரையில் வட்டமாக ஓர் ஓட்டை, அதன் வழியே வெயில். கீழே மணல், பச்சைத் தண்ணீர்.

“மழை பெஞ்சா ஒழுகுமே?” என்றார் என் மாமியார்.

படகில் போகலாம், துடுப்புப் போட்டுக் கயாக்கில் போகலாம், பலகை மேல் நின்றுகொண்டும் போகலாம் என்று பையன் வழிகளை அடுக்கினான். ஆனால் கூட்டம் தாங்காமல் 2024இல் கெடுபிடி வந்துவிட்டது. நீந்தி உள்ளே போகக் கூடாது, வழிகாட்டி இல்லாமல் கயாக் கூடாது, மணலில் இறங்கவே கூடாது.

“அவ்ளோ தூரம் போயி காலு வைக்கக் கூடாதுன்னா எதுக்குடா போறது?” என்று மாமியார் ஐரோப்பாவைத் தள்ளுபடி செய்தார்.

“கடலோரத்துல குகை, அவ்ளோதானே?” என்றாள் என் மனைவி. “திருச்செந்தூர்ல வள்ளி குகை இருக்கு. போயிட்டு வந்துடலாம்.” எங்கள் வீட்டில் ‘லாம்’ என்று முடிந்தால் அது அரசாணை.

செலவைக் குறைக்கும் நோக்கத்தோடு மாமல்லபுரம் பக்கம் சாளுவன்குப்பத்தில் புலிக்குகை இருக்கிறதே, கிட்டம்தானே என்று எடுத்துவிட்டேன். பாறையில் யாளித் தலைகளைச் சுற்றிலும் செதுக்கிப் பல்லவர்கள் அமைத்த மேடை அது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய் வந்த அனுபவம் மனைவிக்கு உண்டு. “அதுல புலியும் இல்ல, குகையும் இல்ல” என்றாள். மறுக்க முடியவில்லை. பையன் எலிபெண்டா என்று இழுத்தான். மும்பையில் படகேறி ஒரு மணி நேரம், திங்கட்கிழமை விடுமுறை, ஏறும் படிகளில் குரங்கு. குரங்கு என்றதும் மாமியார் கையெடுத்துக் கும்பிட்டார். ஆக, திருச்செந்தூர்.

எப்படிப் போவது என்பதில்தான் குடும்பம் நாலாக உடைந்தது.

மச்சானின் கட்சி பாதயாத்திரை. பச்சை வேட்டி கட்டி, காவடியோடு, முருகன் பாட்டுப் பாடிக்கொண்டு தென்மாவட்டத்துக்காரர்கள் தைப்பூசத்துக்கு நடப்பதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். “மாமா, உங்க உடம்புக்கும் நல்லது” என்றான். தெருமுனைக்குப் பால் வாங்க ஸ்கூட்டரில் போகிறவனிடம் சொல்லும் பேச்சா இது?

சித்தப்பாவின் கட்சி வேன். வேன் வைத்தால் சொந்தக்காரர் எல்லோரும் வருவார்கள். சொந்தக்காரர் எல்லோரும் வந்தால் வழியில் உள்ள கோயில் எல்லாவற்றுக்கும் நிறுத்த வேண்டும். சமயபுரத்தைத் தாண்டுவதற்குள் கட்டுச்சோறு தீர்ந்துவிடும். என் கட்சி பேருந்து. உளுந்தூர்பேட்டைக்குப் போய் நின்றால் சென்னையிலிருந்து வரும் திருச்செந்தூர் வண்டி நடுராத்திரியில் கிடைக்கும் என்றேன். “கை காட்டினா நிறுத்துவானா?” என்று ஒரே கேள்வி கேட்டாள் மனைவி. கட்சி கலைந்தது.

ஜெயித்தது செந்தூர் எக்ஸ்பிரஸ். தெற்கே போக வேண்டிய நாங்கள் அதைப் பிடிக்க முதலில் வடக்கே விழுப்புரம் போக வேண்டும். அதுவாவது நேரே தெற்கே இறங்குகிறதா? கடலூர், மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று டெல்டாவையே விசாரித்துவிட்டுத்தான் திருச்சி வருகிறது. முன்பதிவுக்கு முன்பெல்லாம் 120 நாள் கிடைத்தது; 2024 நவம்பரிலிருந்து 60 நாள்தான். முதல் நாள் காலை எட்டு மணிக்கே பையன் விரலைத் தயாராக வைத்திருந்தும் கிடைத்தது காத்திருப்புப் பட்டியல்.

“மழைக்காலத்துல வேணாம் மாப்ளே” என்று மாமியார் எச்சரித்தார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய இதே ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, ஏறத்தாழ 800 பேர் நாற்புறமும் வெள்ளத்தோடு தவித்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் சோறு பொங்கிப் போட்டார்கள். அந்தச் சோற்றை டி.வி.யில் பார்த்ததிலிருந்து மாமியாருக்கு அந்த ஊர்மேல் தனி மரியாதை. எனவே மாசியில் போனோம்.

போன அன்று பௌர்ணமி. கடல் உள்வாங்கிப் பாசி பிடித்த பாறைகள் தெரிந்தன. சூரியன், பூமி, நிலவு மூன்றும் ஒரே கோட்டில் நிற்கும் நாளில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம் என்று விளக்கினேன். “அந்தப் பாறையில வழுக்கி விழாம வாங்க” என்றாள் மனைவி. அறிவியலுக்கு அவ்வளவுதான் மதிப்பு. கடலில் முங்கி, நாழிக்கிணற்றில் உப்பில்லாத தண்ணீரை ஊற்றிக்கொண்டு, தரிசனத்துக்குப் போனோம். அங்கே ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். இத்தனை வருடம் தையல்காரரின் தயவில் ஊருக்கு மறைத்து வைத்திருந்த தொப்பை முருகன் சன்னிதியில் வெளிப்பட்டது.

அதோடுதான் குகைக்குப் போனேன். கோயிலுக்கு வடக்கே, கடலைப் பார்த்த மணற்பாறைக் குன்றில் இருக்கிறது வள்ளி குகை. பெனாகில் அளவுக்கு விஸ்தாரம் எதிர்பார்க்கக் கூடாது. இங்கே படகு வேண்டாம், கயாக் வேண்டாம், இடுப்பு வேண்டும். குனிந்து, ஒடுங்கி, ஒருவர் பின் ஒருவராக நகர்ந்து போனால் உள்ளே விளக்கொளியில் வள்ளியம்மன்.

என் மாமியாருக்கு வயதே முதுகை வளைத்து வைத்திருப்பதால் எந்தச் சிரமமும் இல்லாமல் விறுவிறுவென்று போய்விட்டார். நான் பாதி வழியில் நின்றேன். நின்றேன் என்பது மரியாதைக்காக.

“மூச்சை உள்ள இழுங்க” என்றாள் முன்னால் போன மனைவி. இழுத்தேன். தொப்பை மேலே ஏறி மார்பாகிவிட்டது; அகலம் குறையவில்லை.

“அண்ணாச்சி, கொஞ்சம் நகருங்க, பின்னாடி ஆள் நிக்குதுல்லா!” என்று ஒரு குரல். அந்த ஆள் தோளால் ஒரு தள்ளுத் தள்ளினார். வள்ளியம்மன் முன்னால் போய் விழுந்தேன். சாஷ்டாங்கமாக விழுந்ததாக எண்ணி, அருகிலிருந்த பாட்டி ஒருவர் “நல்லா இருய்யா” என்று வாழ்த்தினார்.

வெளியே வந்து பார்த்தால் மனைவி சின்னதாக ஒரு மரத்தொட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளை வரம் கேட்கிறவர்கள் கட்டுவது.

“யாருக்கு?” என்றேன். கலவரமாகத்தான் கேட்டேன்.

“நம்ம பையனுக்குத்தான்.”

“அவனுக்கு இன்னும் பொண்ணே அமையலையே!”

“அதுக்குத் திருமணஞ்சேரி. திரும்பற வண்டி மாயவரம் வழியாத்தானே போவுது? இறங்கிட்டுப் போயிடலாம்.”