அலியின் எதிரே நின்றவர்

முகமது அலி 1980 தொடக்கத்தில் மெட்ராஸுக்கு வந்தபோது எங்கள் தேனி மதுரை மாவட்டத்தில் இருந்தது. சின்னமனூரில் எங்கள் தெருவிலேயே குத்துச்சண்டையை நேரில் பார்த்த ஒரே ஆள் என் தாய்மாமா. பெரம்பூர் பின்னி மில்லில் வேலை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர், "அக்கா, மருமகனை நான் கூட்டிட்டுப் போறேன். அலியைப் பார்க்கக் கொடுத்து வச்சிருக்கணும்" என்று அம்மாவைச் சம்மதிக்க வைத்துவிட்டார். மதுரை வரை பஸ். அங்கிருந்து பாண்டியன் எக்ஸ்பிரஸ்.

எங்கள் பள்ளத்தாக்கில் சடுகுடு உண்டு, சிலம்பம் உண்டு, பெரியகுளம் பக்கம் போனால் கூடைப்பந்து உண்டு. கையுறை மாட்டிக்கொண்டு குத்துவது மெட்ராஸ்காரர்கள் சமாச்சாரம். ரயிலில் இரவு முழுக்க மாமா சார்பட்டா பரம்பரை, இடியாப்ப பரம்பரை என்று வடசென்னைக் குத்துச்சண்டைக் குழுக்களின் கதை சொல்லிக்கொண்டே வந்தார். ஜெயித்தவன் பேரைச் சொல்லும் அதே மரியாதையோடு தோற்றவன் பேரையும் சொல்வார். அந்தக் குணம் வடசென்னை ரசிகர்களிடம் எனக்கு இன்றும் பிடித்தது.

நேரு ஸ்டேடியத்தில் எள் போட்டால் கீழே விழாது. அப்போது முதல்வராக இருந்த எம்.ஜி.ஆரையும் அலியையும் ஒரே இடத்தில் பார்த்த கூட்டம் எந்தப் பேரைச் சொல்லிக் கத்துவது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துக் கத்தியது. நடந்தது காட்சிப் போட்டிதான். கேலரியின் கடைசிப் படியிலிருந்து பார்த்தாலும் அலியின் கால்கள் தரையில் நிற்காமல் மாறி மாறி நகர்ந்தது நன்றாகத் தெரிந்தது. எதிரே நின்றவர் யாரென்று மாமாவிடம் கேட்டேன். "அவரும் பெரிய ஆளுதான்டா மாப்ளே, எல்லிஸ்னு பேரு" என்றார். அதற்கு மேல் எங்களைச் சுற்றி இருந்த யாருக்கும் தெரியவில்லை.

ஜிம்மி எல்லிஸைப் பற்றி எனக்குத் தெரிய வந்ததெல்லாம் பல வருடம் கழித்துத்தான். அலி பிறந்த லூயிவில் ஊர்க்காரர், சின்ன வயதுச் சிநேகிதர். இருவருக்கும் பயிற்சியாளர் ஒருவரே, ஆஞ்சலோ டண்டி. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-ல் அலியின் பட்டம் பறிபோனது. காலியான அந்த இடத்துக்கு நடந்த போட்டிகளில் ஜெயித்து 1968-ல் உலக ஹெவிவெயிட் பட்டங்களில் ஒன்றைப் பிடித்தவர் எல்லிஸ். 1970-ல் ஜோ ஃபிரேசியரிடம் அதை இழந்தார். அடுத்த வருடம் சிநேகிதரான அலியிடமே 12-வது சுற்றில் தோற்றார். 1975-ல் பயிற்சியின்போது இடது கண்ணில் அடிபட்டுப் பார்வை கெட, அதோடு ஓய்வு பெற்றுவிட்டார். மெட்ராஸ் மேடையில் நாங்கள் கைதட்டியது ஒரு கண் பார்வை கெட்ட மனிதருக்கும் சேர்த்துத்தான்.

அலியும் அப்போது ஓய்வை அறிவித்திருந்தவர். ஆனால் அந்த வருடமே அக்டோபரில், 38 வயதில், லாரி ஹோம்ஸை எதிர்த்து மறுபடி களம் இறங்கினார். பத்துச் சுற்று அடி வாங்கிய பிறகு டண்டி போட்டியை நிறுத்தினார். 1984 செப்டம்பரில் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் அலிக்குப் பார்க்கின்சன் நோயின் அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னார்கள். அதே வருடம் நவம்பரில் எம்.ஜி.ஆரை அதே நகரத்தின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். படுக்கையில் இருந்தபடியே அவர் சட்டமன்றத் தேர்தலில் ஜெயித்தது எங்கள் ஆண்டிபட்டியில். ஸ்டேடியத்தில் நாங்கள் பேர் சொல்லிக் கத்திய இரண்டு பேருமே ஐந்து வருடத்துக்குள் ஒரே ஊரின் மருத்துவமனைகளில் கிடந்தார்கள். மாமா அந்த நாட்களில் அலியைப் பற்றிய பேச்சையே எடுக்கமாட்டார்.

மெட்ராஸுக்கு வந்த அதே 1980 பயணத்தில் டெல்லியில் அலியோடு காட்சிப் போட்டியில் மோதியவர் பஞ்சாபின் கவுர் சிங், ராணுவ வீரர். 1982 ஆசிய விளையாட்டில் ஹெவிவெயிட் தங்கம் வென்றார். அர்ஜுனா, பத்மஸ்ரீ எல்லாம் கொடுத்தார்கள். அவர் இதய சிகிச்சைக்காகத் தனியாரிடம் 2 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருந்தது 2017-ல் செய்தியாக வந்தது. படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. 2023-ல் இறந்துபோனார்.

இப்போது எங்கள் தேனியிலும் பிள்ளைகள் பாக்ஸிங் கற்றுக்கொள்கிறார்கள். 'சார்பட்டா பரம்பரை' படம் வந்தபின் பையன்களுக்கு ஆசை கூடியது என்றால், வீராங்கனைகள் மேரி கோமும் நிகத் ஜரீனும் பெண் பிள்ளைகளை இழுத்து வந்திருக்கிறார்கள். சமீபத்தில் ஒரு சாயங்காலம், மாவட்டப் போட்டிக்குச் சென்னையிலிருந்து ஓய்வுபெற்ற வீரர் ஒருவர் வந்திருந்தார். ரயில்வே வேலையில் இருந்தவர், ஒரு காலத்தில் மாநில சாம்பியன். பையன்கள் செல்ஃபிக்கு மொய்த்தார்கள். அவர் கவனமெல்லாம், அப்போதுதான் ஜெயித்து இறங்கிய ஒரு பெண்ணிடம் இருந்தது. உத்தமபாளையம் பக்கத்துப் பிள்ளை. அம்மா திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர்.

அந்தப் பிள்ளை தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கைத்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தது. மணிக்கட்டில் ஆரம்பித்து விரல் இடுக்கெல்லாம் நுழைந்து வந்த நீளத் துணி வியர்வையில் ஊறி, விரல் முட்டிகள் கன்றியிருந்தன. பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"இன்னா பாப்பா, தலை வலிக்குதா?"

"இல்லீங்கய்யா."

"வாந்தி வர்ற மாதிரி இருக்கா?"

"இல்லீங்க."

"சரி, தலையை ஆட்டாம என் விரலையே பாரு."

ஆள்காட்டி விரலை இடமும் வலமுமாக மெதுவாக நகர்த்தினார். அந்தப் பெண்ணின் இரண்டு கண்களும் விரலோடு போய் வந்தன. அவர் இன்னொரு தரம் செய்து பார்த்துவிட்டுத்தான் கை குலுக்கினார். ஸ்டேடியம் நிறைந்த கூட்டத்தில் அலியைப் பார்த்ததைவிட இந்தப் பெரியவரைப் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

தேனி மாவட்டத்தில் போட்டி நடத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். மேடைக்கும் மாலைக்கும் சால்வைக்கும் பணம் ஒதுக்குவதற்கு முன்னால், ரிங் பக்கத்தில் முதல் போட்டியிலிருந்து கடைசிப் போட்டி வரை ஒரு டாக்டரை உட்கார வையுங்கள். அடிபட்ட பிள்ளையை அவர் சரி என்று சொல்லும்வரை திரும்ப ஏற்றாதீர்கள். ஓய்வுபெற்ற வீரர்களை விழாவுக்கு அழைக்கிறபோது, அவர்களின் மருந்துச் செலவுக்கு என்ன வழி என்றும் கேட்டுத் தெரிந்துகொண்டு, முடிந்ததைச் செய்யுங்கள்.