ஞாயிறன்று சும்மா இருத்தல்: காஸெல் நகரச் சான்றுகளுடன் ஓர் ஆய்வு

ஜெர்மனியின் நடுப்பகுதியில் உள்ள காஸெல் நகரில் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் அயல்நாட்டு மாணவர், செப்டம்பர் மாத ஞாயிறொன்றை எவ்வாறு கழிக்கிறார் என்பதே இவ்வாய்வின் பொருள். எல்லை: காலை ரொட்டியில் தொடங்கி இரவுக் கொலையில் முடியும். கருதுகோள்: அங்கே ஓய்வு என்பது நேரம் குறித்து, ஆளுக்கொரு பொறுப்பு கொடுத்து நடத்தப்படும் முழுநாள் பணி.

சும்மா இருப்பதற்கு ஆராய்ச்சி எதற்கு எனின், அதற்கு அரசியலமைப்பே தேவைப்பட்டிருக்கிறது என்க. 1919ஆம் ஆண்டு ஜெர்மனியின் வைமர் குடியரசு வகுத்த அரசியலமைப்பின் 139ஆம் பிரிவு, ஞாயிற்றுக்கிழமையை வேலை ஓய்வுக்கும் உள்ள உயர்வுக்கும் உரிய நாளாகச் சட்டப் பாதுகாப்பில் வைத்தது. அந்தக் குடியரசு கவிழ்ந்தது, பிரிவு கவிழவில்லை. 1949இல் எழுதப்பட்ட, அடிப்படைச் சட்டம் எனப்படும் இன்றைய அரசியலமைப்பு தன் 140ஆம் பிரிவின் வழியே அதை அப்படியே எடுத்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கலாம் என்று பெர்லின் மாநிலம் கொண்டுவந்த விதியை 2009இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆக, சனிக்கிழமைக்குள் பால் வாங்க மறந்த குடும்பத்துக்குப் பக்கத்து வீடும் பெட்ரோல் பங்கும்தான் கதி.

புல்வெட்டும் இயந்திரத்துக்கும் 2002 முதல் விதி உண்டு; குடியிருப்புப் பகுதியில் ஞாயிறு முழுக்க அது வாய் திறக்கக் கூடாது. காலிப் பாட்டில்களைத் தெருமுனைக் கண்ணாடித் தொட்டியில் போடுவதும் ஆகாது, சத்தம். வீட்டுக்கு உதவுவோமே என்று பாட்டில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் மாணவர் வாசலிலேயே மடக்கப்படுவார்.

பேக்கரிக்கு மட்டும் சில மணி நேரச் சலுகை. மியூனிக் பகுதியில், உட்கார்ந்து சாப்பிட இடம் வைத்திருந்த ஒரு பேக்கரி அந்த நேரத்தையும் தாண்டி ரொட்டி விற்றதாக வழக்கு எழுந்து, கூட்டாட்சி உயர் நீதிமன்றம் வரை போனது. மாவைச் சுட்டு ரொட்டியாக்கிவிட்டபின் அது சமைத்த உணவே; ஓட்டல் பார்சல் கொடுப்பதுபோல் கொடுக்கலாம் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. காலை ஒன்பது மணிக்குச் சூடான காகிதப் பையோடு வரும் வீட்டுக்காரரை மாணவர் இந்தத் தீர்ப்புக்குரிய மரியாதையுடன் நோக்குவது நலம்.

இனி முட்டை. இந்த இயலைச் சுருக்க முடியாது. அந்நாட்டு வீடுகளில் முட்டை வேகவைக்கவென்றே மூடி போட்ட சிறு மின்கருவி உண்டு. உடன்வரும் அளவுக் குவளையின் அடியில் ஓர் ஊசி. அதைக்கொண்டு முட்டையின் தட்டையான முனையில் துளையிட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டும். குவளையில் உள்ள கோடுகளைப் பார்க்கும் மாணவர் திடுக்கிடுவார். ஒரு முட்டைக்கு நிறையத் தண்ணீர், ஆறு முட்டைக்குக் கொஞ்சம் தண்ணீர். அச்சுப்பிழையோ எனின், அன்று. தட்டில் கொதிக்கும் நீர் ஆவியாகிக் குளிர்ந்த முட்டையின் மேல் பட்டுத் திரும்ப நீராகிச் சொட்டுகிறது. முட்டை கூடக்கூடச் சொட்டுவதும் கூடும், அதே தண்ணீர் மறுபடி மறுபடி உழைக்கும். தண்ணீர் வற்றியதும் கருவி அலறும், எல்லோரும் ஓடுவார்கள். முட்டை எத்தனை நிமிடம் வேக வேண்டும் என்று கணவனும் மனைவியும் மோதிக்கொள்ளும் ஜெர்மன் நகைச்சுவைக் கலைஞர் லோரியோவின் கேலிச்சித்திரப் படம் 1970களில் வந்தது. இன்றும் அந்நாட்டார் பலருக்கு அது மனப்பாடம். ஆகவே காலையுணவு மேசையில் மாணவர் முட்டை பற்றிக் கருத்துச் சொல்லாதிருப்பது நன்று. இரண்டு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். தட்டைக் கழுவப் பாதியில் எழுவது அநாகரிகமாகக் கொள்ளப்படும்.

அடுத்து நடை. எங்கே போகிறோம் என்று மாணவர் கேட்டால், நடக்கப் போகிறோம் என்பதே விடை. இது விளையாட்டல்ல. இதே காஸெல் பல்கலைக்கழகத்தில்தான் சுவிஸ் சமூகவியலாளர் லூசியஸ் புர்க்ஹார்ட் 1980களில் உலாவுதலை ஒரு துறையாகவே ஆக்கி, உலாவியல் என்று பெயரிட்டுப் பாடம் நடத்தினார். போலி ஆய்வு எழுத வந்தவரை மெய்யான ஆய்வு முந்திக்கொண்ட இடம் இது.

அந்த ஊரில் நடைக்குத் தண்ணீரே வழிகாட்டி. வில்ஹெல்ம்ஸ்ஹோஹே மலைப்பூங்காவின் உச்சியில் 1717இல் நிறுவிய ஹெர்குலிஸ் சிலை நிற்கிறது. மே 1 முதல் அக்டோபர் 3 வரை புதன், ஞாயிறு, விடுமுறை நாள்களில் பிற்பகல் 2.30க்கு அதன் காலடியில் மதகு திறக்கிறார்கள். பம்ப்செட் கிடையாது, மேலே தேக்கிய நீர் தன் எடையாலேயே படி படியாக இறங்கி, பாலத்தடியில் பாய்ந்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து அடிவாரக் குளத்தில் சுமார் 50 மீட்டர் உயரத்துக்குப் பீய்ச்சியடிக்கிறது. கூட்டமும் தண்ணீரோடு சேர்ந்தே இறங்கும். செல்ஃபிக்கு நின்றால் தண்ணீர் முந்திவிடும் என்று வீட்டம்மா விரட்டிக்கொண்டே வருவார். இந்த அவசரத்துக்குப் பெயர் ஓய்வு. 2013இல் யுனெஸ்கோ இப்பூங்காவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

நீர் எழும்பி அடங்கும்போது நான்கு மணி நெருங்கிவிடும். அதுவே காப்பிக்கும் கேக்குக்கும் உரிய முகூர்த்தம். அந்நாட்டு ஓய்வுக்கு மாணவர் சமூகம் அளித்த கொடையும் இங்கேதான் இருக்கிறது. 1908இல் டிரெஸ்டனில் மெலிட்டா பென்ட்ஸ் என்ற அம்மையார், மகனின் பள்ளி நோட்டிலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்துக் காப்பி வடிகட்டினார். பேப்பர் ஃபில்டர் பிறந்தது. மகனைக் கேட்டாரா என்பது பற்றிச் சான்றில்லை.

செப்டம்பரில் பிளம்ஸ் கேக் தோட்டத்து மேசைக்கு வரும்; உடனே குளவிகளும் வரும். அடித்துவிடலாமா எனின், தகுந்த காரணமின்றி வன உயிரைக் கொல்லக் கூடாது என்கிறது அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டம். கேக் காரணமாகுமா என்று வாதிடுவதைவிட, ஒரு கையால் தட்டை மூடிக்கொண்டு மறுகையால் உண்பதே எல்லோரும் கண்ட வழி. மாணவரும் இரண்டாம் துண்டுக்குள் பழகிவிடுவார்.

இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்பு மூட்டுவதில்லை. மரப்பலகையில் ரொட்டி, சீஸ், அந்த வட்டாரத்துக்கே உரிய ஆலே வூர்ஷ்ட் என்னும் உலர்ந்த பன்றித் தொத்திறைச்சி, அவ்வளவே.

எட்டு மணிக்குச் செய்தி, 8.15க்குக் கொலை. 1970 நவம்பரில் தொடங்கிய 'டாட்டோர்ட்' என்னும் துப்பறியும் தொடர், வாரம் ஒரு நகரத்துப் போலீஸோடு இன்றும் ஞாயிறு இரவில் ஓடிக்கொண்டிருக்கிறது. உள்ள உயர்வுக்கு ஒதுக்கிய நாளைப் பிணத்தோடு முடிப்பது எப்படிப் பொருந்தும் என்று நீதிமன்றம் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒன்றரை மணி நேரத்துக்குள் கொலைகாரன் பிடிபட்டாக வேண்டும். அதுவரை யாரும் பேசுவதில்லை. பாத்திரங்கள் பேசும் வட்டார ஜெர்மன் மாணவருக்குப் பிடிபடாததால், கொன்றது மருமகனா, மருமகனின் கூட்டாளியா என்று வீட்டுக்காரர் அவருக்கு விளக்கி முடிக்க மணி பத்தைத் தாண்டிவிடும்.